தலைமேல் வைக்கும் காந்தம் மறதியைத் தீர்க்குமா?

போன சித்திரையில் காரிமங்கலத்தில் பெரியம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். பெரியம்மாவுக்கு 74 வயது. அன்று காலை ராகிக் களிக்கு உலை வைத்தவர், மாவைக் கொட்டிவிட்டுத் துடுப்பைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றிருந்தார். உப்புப் போட்டாச்சா என்று அவருக்கே தெரியவில்லை. சந்தேகத்துக்கு இன்னொரு முறை போட்டார். களி கரித்தது. நாங்கள் யாரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தோம்.

ஓசூரில் வேலை பார்க்கும் தம்பி, பெரியம்மாவின் இளைய மகன், போனில் ஒரு வீடியோவைக் காட்டினான். "அண்ணா, இதப் பாருங்க. தலைமேல காந்தம் வெச்சா போன ஞாபகம் திரும்ப வந்துடுதாம். பெங்களூர்லயே செய்றாங்களாம்."

அக்கா பதறிவிட்டார். "வேணாம்பா. ஷாக் வெச்சி இருக்கற ஞாபகத்தையும் அழிச்சிட்டா யாருக்கு என்ன பதில் சொல்றது?"

இந்த இரண்டு பேச்சையும் தர்மபுரி டீக்கடையிலும் கேட்டிருக்கிறேன், பள்ளிக்கூட ஆசிரியர் அறையிலும் கேட்டிருக்கிறேன். ஒரு பக்கம் இது மந்திரம், இன்னொரு பக்கம் இது கொடுமை. இரண்டும் தவறு. நான் மருத்துவன் இல்லை, அரசுப் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவன். ஆனால் இந்த விஷயத்தின் பாதி என் பாடத்துக்குள் வருகிறது. மீதியைத் தேடிப் படித்தேன். வீட்டில் வயதானவர்கள் இருக்கும் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைப்பதால் எழுதுகிறேன்.

எந்த மறதியைப் பற்றிப் பேசுகிறோம்?

அரிவாள்மனையை எங்கே வைத்தோம் என்று தேடுவது ஒரு மறதி. பேரன் பெயர் சட்டென்று வாயில் வராமல், மற்ற நான்கு பேரன் பெயரையும் சொல்லிவிட்டுக் கடைசியில் சரியான பெயருக்கு வருவது இன்னொன்று. வயதானால் இதெல்லாம் வரும். நினைவு எங்கும் போய்விடவில்லை, எடுத்துத் தர நேரம் ஆகிறது, அவ்வளவுதான்.

அடுத்த படி, கூட இருப்பவர்கள் கவனிக்கும் அளவுக்கு மறதி கூடுவது. ஒரே கதையை அரை மணிக்குள் மூன்று தடவை சொல்வார்கள். ஆனால் குளிப்பது, சமைப்பது, கடைக்குப் போவது எல்லாம் அவர்களே செய்துகொள்வார்கள். மருத்துவர்கள் இதை லேசான அறிவுத்திறன் குறைவு என்கிறார்கள். இந்த நிலையில் இருக்கும் எல்லோரும் மேலும் மோசமாவதில்லை. சிலர் அப்படியே இருப்பார்கள், சிலருக்குச் சரியாகியும் விடும்.

மூன்றாவது, அன்றாட வாழ்க்கையே நடத்த முடியாத நிலை. பல ஆண்டு கிண்டிய களியில் மாவுக்கு அடுத்து என்ன என்பதே தெரியாமல் போவது, 40 வருடம் நடந்த தெருவில் வீடு தெரியாமல் நிற்பது. இதற்குப் பெயர் டிமென்ஷியா, தமிழில் மறதிநோய். இது ஒரே நோய் கிடையாது. காய்ச்சலுக்குப் பல காரணம் இருப்பது போல இதற்கும் பல காரணம் உண்டு. அதிகம் பேருக்கு வருவது அல்சைமர் நோய். 1906-இல் ஜெர்மனி மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் முதன்முதலில் விவரித்ததால் அந்தப் பெயர். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் கெட்டுப்போவதாலும் மறதிநோய் வரும். 2023-இல் வெளியான கணக்கெடுப்பு, இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 விழுக்காடு பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக மதிப்பிட்டது.

வயதின் மறதி, லேசான குறைவு, மறதிநோய் என்ற இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "மறதிக்கு ட்ரீட்மென்ட் வந்துடுச்சி" என்று யாராவது சொன்னால், எந்த மறதிக்கு என்று திருப்பிக் கேட்க இது உதவும்.

மூளைக்குள் ஏற்கெனவே கரண்ட் ஓடுகிறது

மூளைக்கு மின்சாரம் என்றதும் பயம் வருவதற்குக் காரணம், மின்சாரம் வெளியே கம்பத்தில் இருப்பது என்ற நினைப்பு. உண்மையில் நம் தலைக்குள் ஓயாமல் மின்சாரம் ஓடுகிறது. மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு குட்டி பேட்டரி. டார்ச் செல் ஒன்றரை வோல்ட் என்றால், நரம்பு செல்லின் சுவருக்கு உள்ளும் புறமும் இருக்கும் வித்தியாசம் அதில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு.

பக்கத்து செல்களிடமிருந்து சேதி வரும்போது இந்த வித்தியாசம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். ஒரு எல்லையைத் தொட்டதும் செல் படீரென்று ஒரு மின்துடிப்பை அனுப்பும். எல்லையைத் தொடவில்லையென்றால் துடிப்பே கிடையாது. பாதித் துடிப்பு, கால் துடிப்பு என்று எதுவும் இல்லை.

இரண்டு செல்கள் சந்திக்கும் இடம் இணைப்பு. நினைவு என்பது ஏதோ ஒரு செல்லுக்குள் பூட்டிவைத்த பொருள் இல்லை. ஆயிரக்கணக்கான இணைப்புகள் எவ்வளவு பலமாக இருக்கின்றன என்பதில்தான் அது இருக்கிறது. மலையில் ஆடு போகும் தடத்தைப் பாருங்கள். போகப் போகத் தடம் தெளியும், போகாமல் விட்டால் புல் மூடிவிடும். அடிக்கடி துடிப்பு போகும் இணைப்பும் இப்படித்தான் பலப்படுகிறது. முயலின் மூளையில் இதை டிம் பிளிஸ், டெர்யே லோமோ என்ற இருவர் 1973-இல் அளந்தே காட்டினார்கள்.

வயதாகும்போது செல்கள் ஒரேயடியாகச் செத்துப்போவதில்லை. இணைப்புகள் தளர்கின்றன, சேதி மெதுவாகப் போகிறது, மூளையின் பகுதிகள் ஒன்றோடொன்று தாளம் சேர்ந்து வேலை செய்வது குறைகிறது. அல்சைமர் நோயில் நிலைமை வேறு. அங்கே இணைப்புகளும் செல்களும் அழிந்தே போகின்றன. புல் மூடிய தடத்தில் மறுபடி நடந்து பார்க்கலாம். மலையே சரிந்துவிட்டால்?

சரி, இதுவரைக்கும் வந்தது இதுதான்: மூளை மின்சாரத்தில் ஓடுகிறது, பயன்படுத்தும் இணைப்பு பலப்படுகிறது. அப்படியென்றால் வெளியிலிருந்து அந்த மின்சாரத்தை லேசாகத் தட்டிக்கொடுத்தால் இணைப்பு பலப்படுமா என்று கேட்கத் தோன்றும். மண்டையைத் திறக்காமல், கத்தி வைக்காமல், வெளியிலிருந்தே அப்படித் தட்டிக்கொடுக்கும் முறைகளுக்கெல்லாம் பொதுப்பெயர் ஊடுருவா மூளைத் தூண்டல். அதில் இரண்டு வகையைப் பார்ப்போம்.

இண்டக்‌ஷன் அடுப்பும் காந்தத் தூண்டலும்

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் ஒரு சோதனை செய்து காட்டுவேன். செம்புக் கம்பியைப் பத்துச் சுற்று சுற்றி, இரண்டு முனையிலும் ஒரு சின்ன எல்இடி விளக்கை முறுக்கிக்கொள்வேன். பேட்டரி எதுவும் கிடையாது. இண்டக்‌ஷன் அடுப்பில் தண்ணீரோடு பாத்திரத்தை வைத்து ஆன் செய்துவிட்டு, பாத்திரத்தின் ஓரமாகக் கம்பிச் சுருளை நீட்டுவேன். எதையும் தொடாமலே விளக்கு எரியும். பிள்ளைகள் பெஞ்சை விட்டு எழுந்து வந்துவிடுவார்கள். சுருளைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்தால் வெளிச்சம் மங்கும். நாலு விரற்கடை தள்ளினால் அணைந்தே போகும்.

1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த விதி இது. மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம், பக்கத்தில் மின்சாரம் ஓடக்கூடிய பொருள் எது இருந்தாலும் அதற்குள் மின்னோட்டத்தை உண்டாக்கும். அடுப்பில் அந்தப் பொருள் பாத்திரத்தின் அடிப்பாகம். மூளையும் உப்புநீர் ஊறிய, மின்சாரம் ஓடக்கூடிய பொருள்தான். 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கர் என்பவரும் அவர் குழுவும் தலையில் கையசைவுக்கான பகுதிக்கு மேலே கம்பிச் சுருளை வைத்து ஒரு துடிப்பு கொடுத்தார்கள். எதிர்ப்பக்கக் கை துள்ளியது. தோலையும் மண்டையோட்டையும் காந்தப்புலம் தடையில்லாமல் கடந்துபோவதால் பெரிய வலியும் இல்லை.

இதுதான் காந்தத் தூண்டல், மருத்துவர்கள் வாயில் டிஎம்எஸ். காந்தத்தின் வலிமை எம்ஆர்ஐ ஸ்கேன் இயந்திரத்துக்கு நிகராக, ஒன்றரை முதல் இரண்டு டெஸ்லா வரை இருக்கும். ஆனால் ஒவ்வொரு துடிப்பும் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். நாற்காலியில் விழித்தபடி உட்கார்ந்திருப்பார்கள். தலைமேல் எட்டு வடிவத்தில் சுற்றிய சுருள். டக் டக் என்று சத்தம், உச்சியில் யாரோ விரலால் சுண்டுவது போன்ற உணர்வு. பொதுவாக வேகமான துடிப்புகள் அந்தப் பகுதியைச் சுறுசுறுப்பாக்கும், நொடிக்கு ஒன்று என்ற மெதுவான துடிப்பு அதை அடக்கும். ஒரே நாளில் பலன் நிற்காது என்பதால் வாரத்துக்கு ஐந்து நாள் என்று பல வாரம் கொடுப்பார்கள்.

என் எல்இடி விளக்கு தள்ளிப் போனதும் அணைந்தது ஞாபகம் இருக்கிறதல்லவா? தலைக்குள்ளும் அதே கதைதான். சுருளின் வலிமை தோலிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம் வரைதான் நன்றாகத் தாக்கும். புதிய நினைவைப் பதிக்கும் பகுதியோ காதுக்கு நேராக உள்ளே, ஆழத்தில் இருக்கிறது. அதன் பெயர் ஹிப்போகேம்பஸ். நேரடியாக அதைத் தொட முடியாது.

அப்புறம் எப்படி? கே.ஆர்.பி. அணையில் மதகைத் திறந்தால் காவேரிப்பட்டணம் பக்கத்து வயலுக்குத் தண்ணீர் வருகிறது. வயலில் போய் யாரும் ஊற்றுவதில்லை. மூளையிலும் மேற்பரப்பில் இருக்கும் சில பகுதிகள் ஹிப்போகேம்பஸோடு வாய்க்கால் வைத்திருக்கின்றன. 2014-இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜோயல் வாஸ் குழு அப்படி ஒரு மேற்பரப்புப் பகுதியை, ஆளுக்கு ஆள் ஸ்கேன் பார்த்துத் தேர்ந்தெடுத்து, ஐந்து நாள் தூண்டினார்கள். உள்ளே இருக்கும் வலைப்பின்னலின் தொடர்பு கூடியது, நினைவுச் சோதனையில் மதிப்பெண்ணும் கூடியது. அவர்கள் எல்லாம் ஆரோக்கியமானவர்கள். என்றாலும் வழி தெரிந்துவிட்டது.

அடிபம்பும் சிறு மின்னோட்டமும்

இரண்டாவது வகையில் காந்தம் இல்லை. உப்புநீரில் நனைத்த இரண்டு பஞ்சுகளைத் தலையில் வைத்து, அவற்றின் வழியாக ஒன்று அல்லது இரண்டு மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தை சுமார் 20 நிமிடம் அனுப்புவார்கள். என் வகுப்பு எல்இடி முழு வெளிச்சத்தில் எரிய 20 மில்லி ஆம்பியர் தேவை. அதில் பத்தில் ஒரு பங்குதான் இது. ஒரே திசையில் ஓடும் மின்னோட்டம் என்பதால் நேர்மின் தூண்டல் என்று சொல்லலாம். ஆஸ்பத்திரியில் டிடிசிஎஸ் என்பார்கள். 2000-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் மைக்கேல் நிட்ஷேவும் வால்டர் பாலஸும் சில நிமிடம் இப்படிக் கொடுத்து, நிறுத்திய பிறகும் மூளையின் சுறுசுறுப்பு கொஞ்ச நேரம் மாறியிருப்பதை அளந்த பிறகுதான் இது உலகமெங்கும் பரவியது.

இங்கே ஒரு முக்கியமான வித்தியாசம். காந்தத் துடிப்பு நரம்பு செல்லைத் துடிக்க வைத்துவிடும். இந்தச் சிறு மின்னோட்டத்தால் அது முடியாது. எல்லைக்குக் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுபோய் விடும், அதோடு சரி.

எங்கள் தெருவில் பழைய அடிபம்பு ஒன்று உண்டு. கோடையில் வாசர் காய்ந்துபோய், அடித்தால் வெறும் காற்றுதான் வரும். அம்மா ஒரு சொம்புத் தண்ணீரை மேலே ஊற்றுவார். அப்புறம் நாலு அடி அடித்தால் கொட்டும். குடம் நிறைவது அந்த ஒரு சொம்புத் தண்ணீரால் இல்லை. பூமிக்குள் நீர் இருந்தாக வேண்டும், யாராவது நின்று அடித்தாகவும் வேண்டும். இந்த முறையின் முழு ரகசியமும் இந்தச் சொம்பில் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் மின்னோட்டம் எந்த நினைவையும் கொண்டுவருவதில்லை. உள்ளே இருக்கும் இணைப்பு எளிதாக வேலை செய்ய வழிவிடுகிறது. அதனால்தான் பல ஆய்வுகளில் மின்னோட்டம் ஓடும்போதே நினைவுப் பயிற்சியும் கொடுக்கிறார்கள். பஞ்சை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது, தண்ணீரை ஊற்றிவிட்டுக் கைப்பிடியைத் தொடாமல் வீட்டுக்குப் போவது போல.

இதிலேயே இன்னொரு உட்பிரிவு உண்டு. மின்னோட்டத்தை ஒரே திசையில் விடாமல் தாளத்தோடு முன்னும் பின்னும் அசைப்பார்கள். இதற்கு அலைமின் தூண்டல் என்று பெயர் வைத்துக்கொள்வோம், சுருக்கப் பெயர் டிஏசிஎஸ். ஒரே உரலில் இரண்டு பெண்கள் மாறி மாறிக் கம்பு இடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒருத்தி உலக்கை எழும்போது மற்றவள் உலக்கை விழும். தாளம் தப்பினால் உலக்கையோடு உலக்கை மோதும். மூளையின் பகுதிகளும் இப்படித் தாளம் வைத்துத்தான் சேதி பரிமாறுகின்றன. வயதாகும்போது அந்தத் தாளம் தளர்கிறது. வெளியிலிருந்து தாளம் போட்டுக்கொடுத்தால் மறுபடி சேருமா என்பதுதான் இந்த முறையின் கேள்வி.

சுருக்கமாக, காந்தத் தூண்டல் செல்லைத் துடிக்க வைக்கிறது, நேர்மின் தூண்டல் துடிக்கத் தயார்படுத்துகிறது, அலைமின் தூண்டல் தாளம் போடுகிறது.

அக்காவின் பயம்: இது ஷாக் ட்ரீட்மென்ட்டா?

இல்லை. அக்கா நினைத்தது மின்னதிர்வு சிகிச்சை. அது 1938-இல் ரோம் நகரில் தொடங்கியது. அதில் கொடுக்கும் மின்னோட்டம் 800 மில்லி ஆம்பியர் அளவில் இருக்கும். நேர்மின் தூண்டலைவிட நானூறு மடங்கு. அதன் நோக்கமே மூளையில் கட்டுப்பாட்டோடு ஒரு வலிப்பை உண்டாக்குவது. மேலே சொன்ன எந்த முறையிலும் வலிப்பு நோக்கம் கிடையாது, வராமல்தான் பார்த்துக்கொள்கிறார்கள். மயக்க மருந்தும் தேவையில்லை.

மின்னதிர்வு சிகிச்சையையும் சினிமாவில் காட்டும் கொடுமையாக நினைக்க வேண்டாம். கடுமையான மனச்சோர்வில் உயிரைக் காப்பாற்றும் சிகிச்சை அது. சிகிச்சை நடக்கும் நாட்களைச் சுற்றிய நினைவுகள் சிலருக்கு மங்கும் என்பது உண்மைதான். மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் அதைக் கொடுப்பதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது.

தம்பியின் நம்பிக்கை: ஞாபகம் திரும்புமா?

இதற்கு ஒரே வார்த்தையில் பதில் இல்லை. மூன்று ஆய்வுகளைப் பார்த்தால் நிலவரம் புரியும்.

2019-இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ரைன்ஹார்ட் குழு, 60 முதல் 76 வயது வரையிலான ஆரோக்கியமானவர்களுக்கு அலைமின் தூண்டலை 25 நிமிடம் கொடுத்தது. ஒரு விஷயத்தைச் சில நொடி மனதில் பிடித்துவைத்திருக்கும் திறனில் அவர்கள் இருபது வயதுக்காரர்களுக்குச் சமமாக வந்தார்கள். தூண்டலை நிறுத்திய பிறகும் 50 நிமிடம் வரை அளந்தார்கள், பலன் இருந்தது. தம்பி காட்டிய வீடியோ போன்றவை இந்த மாதிரிச் செய்திகளிலிருந்துதான் கிளம்புகின்றன. ஆனால் அதில் கலந்துகொண்ட யாருக்கும் மறதிநோய் இல்லை.

2022-இல் அதே குழு 65 முதல் 88 வயது வரை 150 பேரிடம் செய்து பார்த்தது. நாளுக்கு 20 நிமிடம், நான்கு நாள். 20 வார்த்தைகள் கொண்ட பட்டியலைக் கேட்டுவிட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். நெற்றிப் பக்கத்தில் வேகமான தாளம் போட்டவர்களுக்குப் பட்டியலின் ஆரம்ப வார்த்தைகள் நன்றாக நினைவிருந்தன. தலையின் பின்மேல் பக்கத்தில் மெதுவான தாளம் போட்டவர்களுக்குக் கடைசி வார்த்தைகள் நினைவிருந்தன. பலன் ஒரு மாதம் வரை தெரிந்தது. எனக்கு இதில் பிடித்தது அந்த ஒரு மாதத்தைவிட, இடமும் தாளமும் மாறினால் பலனும் மாறுகிறது என்பதுதான். தலையில் எங்கோ ஒரு கரண்ட் என்பதற்கு இங்கே அர்த்தமே இல்லை.

மூன்றாவது, நோயாளிகளிடம் நடந்தது. அதே 2022-இல் ரோமில் ஜாகொமோ கோக் குழு அல்சைமர் நோயாளிகள் 50 பேருக்கு 24 வாரம் காந்தத் தூண்டல் கொடுத்து முடிவை வெளியிட்டது. பாதிப் பேருக்கு உண்மையான தூண்டல், பாதிப் பேருக்குப் பொய்த் தூண்டல். பொய்த் தூண்டல் என்றால் அதே நாற்காலி, அதே டக் டக் சத்தம், ஆனால் காந்தம் மூளைக்குப் போகாது. சிகிச்சை எடுக்கிறோம் என்ற நம்பிக்கையிலேயே மனிதர்கள் கொஞ்சம் தேறுவார்கள், அதைக் கழித்துப் பார்க்கவே இந்த ஏற்பாடு. பொய்த் தூண்டல் பெற்றவர்கள் அந்த ஆறு மாதத்தில் சரிந்தார்கள். உண்மையான தூண்டல் பெற்றவர்கள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே நின்றார்கள்.

இருந்த இடத்தில் நிற்பது சின்ன விஷயம் இல்லை. அல்சைமர் வந்த குடும்பத்தில் போய்க் கேளுங்கள், ஆறு மாதம் என்றால் என்ன என்று சொல்வார்கள். ஆனால் "போன ஞாபகம் திரும்ப வந்துடுதாம்" என்பது அது இல்லை. 50 பேர் என்பது சிறிய எண்ணிக்கையும் கூட. பல இடங்களில், நூற்றுக்கணக்கானவர்களிடம் இதே முடிவு வந்தால்தான் மருத்துவம் அதை உறுதியாக ஏற்கும்.

எல்லா ஆய்வும் இப்படி நல்ல முடிவு தரவும் இல்லை. குறிப்பாக நேர்மின் தூண்டலில் ஒரு ஆய்வில் வந்த பலன் இன்னொன்றில் வராமல் போயிருக்கிறது. அனுப்பும் மின்னோட்டத்தில் பெரும்பகுதி தலைத்தோல் வழியாகவே ஓடிவிடுகிறது, மூளையைத் தொடுவது கொஞ்சம்தான். மண்டையோட்டின் கனம் ஆளுக்கு ஆள் வேறு. வயதாகும்போது மூளை சுருங்கி, மண்டையோட்டுக்கும் அதற்கும் நடுவே இடைவெளி கூடுகிறது, அங்கே உப்புநீர் நிறைகிறது. ஆகவே 25 வயதுக்காரருக்குச் சரியாக இருந்த அளவு 75 வயதுக்காரருக்குச் சரியாக இருக்காது. ஒரே அளவுச் சட்டையை ஊருக்கே தைத்துவிட்டு, யாருக்குப் பொருந்துகிறது என்று பார்ப்பது போல இருக்கிறது இன்றைய நிலைமை.

காந்தத் தூண்டல் 2008-இலேயே அமெரிக்காவில் மனச்சோர்வுக்கு அனுமதி பெற்றுவிட்டது. அல்சைமருக்கு அங்கே அந்த அனுமதி இல்லை. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வயதானவர்களுக்கு வரும் மனச்சோர்வு பல நேரம் அழுகையாக வராது, மறதியாகவே வரும். கேட்டதற்கெல்லாம் "தெரியல, தெரியல" என்பார்கள். குடும்பம் அதை மறதிநோய் என்று நினைத்துவிடும். அப்படிப்பட்டவருக்கு மனச்சோர்வைச் சரிசெய்தால் ஞாபகமும் தேறும். காந்தத் தூண்டலால் ஒருவருக்கு மறதி போனது என்று கேள்விப்பட்டால், அவருக்கு முதலில் என்ன நோய் என்று தீர்மானித்தார்கள் எனக் கேட்க வேண்டும்.

வீட்டில் செய்து பார்க்கலாமா?

கூடாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒன்பது வோல்ட் பேட்டரியும் இரண்டு கம்பியும் வைத்துச் செய்து காட்டும் வீடியோக்கள் இருக்கின்றன. தம்பியே "இது சுலபமா இருக்குதே அண்ணா" என்றான். பஞ்சு காய்ந்தால் தோல் வெந்துபோகும். இடம் இரண்டு விரற்கடை மாறினால் வேறு பகுதி தூண்டப்படும். ஒரு திறன் கூடும்போது இன்னொன்று குறைந்ததையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆய்வாளர்களே 2016-இல் இப்படி வீட்டில் செய்பவர்களை எச்சரித்துப் பொதுக் கடிதம் எழுதினார்கள்.

காந்தத் தூண்டலில் அரிதாக வலிப்பு வரலாம். வலிப்பு நோய் உள்ளவர்கள், தலைக்குள் உலோகக் கிளிப் வைத்தவர்கள், அறுவை செய்து காதுக்குள் கருவி பொருத்தியவர்கள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இதையெல்லாம் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டும். நம் ஊரிலிருந்து போய்வரக்கூடிய தூரத்தில் பெங்களூரு நிம்ஹான்ஸ் இருக்கிறது. இந்தத் தூண்டல் முறைகளைப் பயன்படுத்தியும் ஆராய்ந்தும் வரும் பொது நிறுவனம் அது. யாரோ அனுப்பிய விளம்பரத்தை நம்பிப் பணத்தைக் கட்டுவதற்கு முன், அப்படிப்பட்ட இடத்தில் ஒரு முறை காட்டிவிடுங்கள்.

அடிபம்புக்கு முன்னால் கிணற்றைப் பார்க்க வேண்டும்

பெரியம்மாவுக்கு நாங்கள் செய்தது இதுதான். தூண்டலைப் பற்றிய பேச்சை ஒதுக்கிவைத்துவிட்டு, மறதியை உண்டாக்கக்கூடிய, சரிசெய்யக்கூடிய காரணங்கள் எவை என்று மருத்துவரிடம் கேட்டோம். தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை போன்ற சில மருந்துகள், காது கேளாமை என்று அவர் சொன்னார்.

பெரியம்மாவுக்குச் சர்க்கரை நோய். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருப்பது மூளையின் ரத்தக் குழாய்களுக்கு நல்லது. அந்த வகையில் அந்த மாத்திரைப் பையும் ஞாபகத்துக்கான மருந்துதான். ஆனால் சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடம் சாப்பிடும் சிலருக்கு பி12 குறையும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. மாத்திரையை நிறுத்தக் கூடாது, ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துக்கொள்ள வேண்டும். பெரியம்மாவுக்குக் குறைந்துதான் இருந்தது. ஊசி போடத் தொடங்கினார்கள்.

அப்புறம் காது. இத்தனை வருடம் "பெரியம்மாவுக்குச் சொன்னது மறந்துபோச்சு" என்று நாங்கள் நினைத்ததில் பாதி, அவர் காதில் விழவே இல்லை. காதில் விழாதது மூளையில் எப்படிப் பதியும்? லான்செட் மருத்துவ இதழின் குழு 2024-இல் வெளியிட்ட அறிக்கை, மறதிநோய்க்குக் காரணமாகும், மாற்றக்கூடிய 14 விஷயங்களைப் பட்டியலிட்டது. இளம் வயதில் படிப்பில்லாமை, காது கேளாமை, கெட்ட கொழுப்பு, மனச்சோர்வு, தலைக்காயம், உடலுழைப்பு இல்லாமை, சர்க்கரை, புகை, ரத்த அழுத்தம், உடல் பருமன், அளவு மீறிய குடி, தனிமை, காற்று மாசு, சரிசெய்யாத பார்வைக் குறைவு. இவை எல்லாவற்றையும் சரிசெய்ய முடிந்தால் உலகில் வரும் மறதிநோயில் சுமார் 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்கிறது அந்த அறிக்கை. மூளைத் தூண்டலில் இந்த அளவுக்கு நம்பிக்கையாகச் சொல்ல இன்னும் எதுவும் இல்லை. நாளைக்கு வரலாம், வர வேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன்.

பெரியம்மாவுக்கு இப்போது காதுக் கருவி இருக்கிறது. மறதி முழுதாகப் போய்விடவில்லை. உப்புக்கு ஒரு சின்னக் கிண்ணம் எடுத்துவைத்துக்கொள்கிறார், போட்டதும் கிண்ணத்தைக் கவிழ்த்துவிடுகிறார். மூன்று மாதம் கழித்து நரம்பியல் மருத்துவரிடம் மறுபடி காட்ட வேண்டும். தூண்டலைப் பற்றி அவரிடமே கேட்கலாம் என்று தம்பி கேள்விகளை எழுதிவைத்திருக்கிறான்.

போன ஞாயிற்றுக்கிழமை அதே திண்ணையில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு நாங்கள் மெதுவான குரலில் பேசிக்கொண்டிருந்தோம். உள்ளே புளி கரைத்துக்கொண்டிருந்த பெரியம்மா அங்கிருந்தே குரல் கொடுத்தார். "என் தலையப் பத்தித்தானடா பேசறீங்க? உள்ள வந்து என் எதுர்லயே பேசுங்க."

தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனோம்.